பழந்தமிழர் கண்ட சோலையுலா

1. வேனிலும் உலாவும்

காலத்தை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்த நம் முன்னோர், வெயில் மிக்க நான்கு திங்களையும் ஒரே பெயரால் சுட்டி அமையவில்லை. சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்றும், ஆனியும் ஆடியும் முதுவேனில் என்றும் இரு கூறாக்கினர். இப்பகுப்பில் ஒரு நுட்பம் உண்டு. வேனில் என்றவுடன் இன்று நாம் வியர்வையையும் வறட்சியையுமே நினைக்கின்றோம். அவர்களோ, வெம்மையின் தொடக்கத்தில் மா தளிர்ப்பதையும், குயில் கூவுவதையும், பொதியிலில் தோன்றிய தென்றல் தெருவில் நுழைவதையும் கண்டு, அதனை இளமையுடைய பருவம் என்று போற்றினர். அதே வேனிலைத் தொல்காப்பியர் பாலைத்திணைக்கு உரிய பெரும்பொழுதாகவும் வைத்தார். நீரற்ற வழியில் பிரிந்து செல்வோனுக்கும் வேனிலே பொழுது. பூத்த சோலையில் கூடி மகிழ்வோர்க்கும் வேனிலே பொழுது. ஒரே கதிரவன் ஒருவனுக்குத் துன்பமும் ஒருவனுக்கு இன்பமும் தருகின்றான் என்னும் இவ்வுண்மையை இக்கட்டுரை முழுதும் நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இனி, உலா என்னும் சொல்லைச் சிறிது ஆராய்வாம். தமிழ் மாணாக்கர்க்கு உலா என்றதும் நினைவில் எழுவது ஒரு பிரபந்த வகையேயாம். சேரமான் பெருமாள் நாயனார் பாடிய திருக்கயிலாய ஞான உலாவை ஆதியுலா என்பர். அவ்வகை நூல்களில் இறைவனோ அரசனோ வீதியில் பவனி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுபருவ மகளிரும் அவனைக் கண்டு மயங்குவர். அங்கே உலாப் போந்தவன் பார்க்கப்படுபவன். வழியில் நிற்போர் பார்ப்பவர். ஈண்டு யாம் ஆராயப் புகுந்த உலாவோ இதற்கு மறுதலையானது. இதில் நடப்பவனே பார்ப்பவன். பூவும் புள்ளும் மலையும் சிலையும் ஓவியமும் பார்க்கப்படுவன. முன்னது பெருமை காட்டும் உலா; பின்னது அறிவு தேடும் உலா.

இவ்வுலாவிற்கு இடமாகிய சோலைக்குத் தமிழில் எத்துணைப் பெயர்கள்! கா, பொழில், தண்டலை, துடவை, பூங்கா, நந்தனவனம் எனப் பலவாக விரியும். கா என்னும் சொல் காத்தல் என்னும் பொருளையும் உடன் நினைப்பூட்டுகின்றது. பொழில் என்பது சோலையை மட்டுமன்றி உலகத்தையும் குறிக்கும். தண்டலை என்பதில் தண்மை நிற்கின்றது. மொழியில் ஒரு பொருளுக்குப் பல பெயர் வழங்குவது, அப்பொருளை அம்மக்கள் பல நிலையிற் பழகினர் என்பதற்குச் சான்று.

கிறித்தவ மாணவனாகிய எனக்கு மற்றொரு தோட்டமும் ஈண்டு நினைவிற்கு வருகின்றது. திருமறையின் தொடக்கத்தில் ஏதேன் என்னும் தோட்டம் கூறப்படுகின்றது. பகலின் வெம்மை தணிந்த வேளையில் இறைவன் அதில் உலாவினார் என்றும், அப்பொழுது மாந்தன் மரங்களிடையே ஒளிந்துகொண்டான் என்றும், அவன் எங்கே என்று இறைவன் வினவினார் என்றும் அங்கே காண்கின்றோம். தோட்டத்தில் உலாவுதல் இன்பம் மட்டும் தருவதன்று. அஃது ஒரு வினாவையும் எழுப்புவது என்பது இதனாற் பெறப்படும். நம் தமிழிலக்கியத்தில் வரும் உலாக்களும் அத்தகையனவே. அவற்றுள் மூன்றினை எடுத்துக்கொள்வாம். ஒன்று மக்களின் உலா. ஒன்று கன்னியொருத்தியின் உலா. ஒன்று காவலனின் உலா.

2. பரங்குன்றத்து வழி: மக்களின் உலா

எட்டுத்தொகையுள் ஒன்றாகிய பரிபாடல் எழுபது பாடல்களை உடையதாயிருந்தது. அவற்றுள் இருபத்திரண்டே இன்று முழுமையாகக் கிடைத்துள்ளன. பரிமேலழகர் உரையுடன் டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1918-ஆம் ஆண்டில் இந்நூலை வெளியிட்டிராவிடின், இனி யாம் கூறப்போகும் காட்சியைத் தமிழுலகம் கண்டிராது.

பத்தொன்பதாம் பாடல் நப்பண்ணனார் பாடியது. மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவினது. இக்குறுகிய வழியே மக்கள் திரள் திரளாகப் புறப்படுகின்றனர். நல்லணி பூண்டு, நல்லாடை உடுத்து, குதிரையிலும் தேரிலும் காலாலும் செல்லும் அவர்கள், அறம் செய்து அதன் பயனை நுகர மேலுலகிற்குச் செல்வோரை ஒத்திருக்கின்றனர் என்பது புலவரின் கருத்து. பரிபாடலில் வேறோரிடத்தில், இவ்வழி மிக அணித்தேயாயினும் மிகச் சேய்த்தாகிவிட்டது என்று ஒரு புலவர் வியக்கின்றார். காரணம் யாதெனின், மகளிர் கூந்தலினின்றும் ஆடவர் குஞ்சியினின்றும் உதிர்ந்த பூக்கள் வழியை மூடி, நடக்க இடமில்லாது செய்தனவாம். விரைந்து சென்று சேர்வதே நோக்கமாயின் இஃது இடையூறு. உலாவுதலே நோக்கமாயின் இதுவே பேறு.

குன்றத்தை அடைந்த மக்கள் யாது செய்கின்றனர்? சிலர் குரங்குகட்குத் தின்பண்டம் கொடுக்கின்றனர். சிலர் யானைகட்குக் கரும்பு ஊட்டுகின்றனர். சிலர் யாழின் இசையையும் குழலின் இசையையும் கேட்டு நிற்கின்றனர். இச்செயல்களுள் ஒன்றேனும் நமக்குப் புதிதன்று. இன்றும் மலைக்கோயிற் படிகளில் இவற்றைக் காண்கின்றோம். நூற்றாண்டுகள் பல கழிந்தும் மாந்தரின் ஓய்வு நேர இயல்பு மாறவில்லை என்பது நகையும் உவகையும் ஒருங்கே தருவதாம்.

இவற்றினும் சிறந்தது குன்றத்தின்கண் அமைந்த ஓவிய மண்டபம். அங்கே கோள்களும் விண்மீன்களும் இயங்கும் நிலை தீட்டப்பட்டிருந்தது. காமனும் இரதியும் இருந்தனர். பூனை வடிவு கொண்டு ஓடும் இந்திரனும், அகலிகையும், சினங்கொண்ட கவுதமனும், அகலிகை கல்லாகிய நிலையும் இருந்தன. இங்கே நாம் குறிக்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. மக்கள் ஓவியத்தை வாளா பார்த்துச் செல்லவில்லை. இஃது யார், அஃது யாது என ஒருவர் வினவ, உடன் வந்தோர் சுட்டிக் காட்டி விடை கூறுகின்றனர். ஓவியம் அங்கே பள்ளியாகின்றது, வினவுவோர் மாணாக்கராகின்றனர், அறிந்தோர் அனைவரும் ஆசிரியராகின்றனர். கட்டணமில்லை, மணியடித்தல் இல்லை, தேர்வும் இல்லை. ஓவியக் கலையைப் பொதுமக்கள் வினாவிடை வாயிலாகக் கற்றமைக்குத் தமிழில் இதனினும் தெளிவான சான்று வேண்டா.

அதே பாடலில் ஒரு பேதைப் பெண்ணும் வருகின்றாள். கூட்டத்தில் சுற்றத்தாரைப் பிரிந்து வழி தவறிய அவள், ஏங்கிக் கூவி அழைக்கின்றாள். மலைமுழைஞ்சுகள் அக்குரலையே திருப்பிக் கூவுகின்றன. தன்னவரே விடை தந்தனர் என எண்ணி அவள் அக்குரலை நோக்கிச் சென்று மீண்டும் மீண்டும் அழைக்கின்றாள். விழாக் கூட்டத்தின் நடுவே, மகிழ்ச்சிக்கிடையே, தனிமையின் அச்சம் இவ்வாறு ஓர் இமைப்பொழுது தோன்றுகின்றது. புலவர் இதனை நகைச்சுவையாகவே கூறினாரேனும், கற்போர் உள்ளத்தில் அக்குரல் நிலைத்துவிடுகின்றது. அடுத்த உலாவில் அக்குரலின் பொருள் விரிவடையக் காண்பாம்.

3. உவவனத்து வழி: கன்னியின் உலா

சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையை உ. வே. சா. அவர்கள் பதிப்பித்தது 1898-ஆம் ஆண்டில். அந்நூலின் மூன்றாங் காதை, மலர்வனம் புக்க காதை என்னும் பெயருடையது. கதை நிகழ்வது இந்திரவிழாக் காலத்தில். அவ்விழா சித்திரைத் திங்களில் புகார் நகரத்தில் எடுக்கப்பட்டது என்பதைச் சிலப்பதிகாரத்தால் அறிகின்றோம். ஆகவே மணிமேகலை சென்ற உலாவும் இளவேனில் உலாவேயாம்.

தந்தை கோவலன் கொலையுண்ட செய்தியை மாதவி சொல்லக் கேட்ட மணிமேகலையின் கண்ணீர், அவள் தொடுத்துக்கொண்டிருந்த மாலையில் வீழ்ந்து அதன் தூய்மையைக் கெடுத்தது. புதிய மலர் கொய்துவர மகளைச் சோலைக்கு அனுப்ப எண்ணுகின்றாள் மாதவி. அப்பொழுது உடனிருந்த சுதமதி என்பாள் குறுக்கிட்டுத் தன் வரலாற்றைக் கூறுகின்றாள். சண்பை நகரில் தனியளாய்ப் பூக்கொய்து நின்ற தன்னை மாருதவேகன் என்னும் விஞ்சையன் எடுத்துச் சென்ற செய்தி அது. தனித்துச் சென்ற கன்னிக்குச் சோலையே பகையாயிற்று என்பது அவள் வாழ்ந்து கற்ற பாடம்.

இதன்பின் சுதமதி புகாரின் சோலைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கழிக்கின்றாள். இலவந்திகையின் மதிற்புறம் சென்றால், அரசனைச் சூழ்ந்தோர் அங்கே இருப்பர். உய்யானம் வானவர்க்கு உரியது. கதிரவனின் வெம்மையால் சிறகிழந்த சம்பாதி இருந்த சம்பாதி வனமும், காவிரியின் தந்தையாகிய கவேரன் இருந்த கவேர வனமும் அணங்குடையன. ஐந்து சோலைகள் உள்ள நகரில் நான்கு இவ்வாறு விலக்கப்பட்டன. எஞ்சியது புத்தபிரானுக்குரிய உவவனம் ஒன்றே. அதற்கும் சுதமதி துணையாக வருதல் வேண்டும்.

இப்பகுதியைப் பாடமாகப் பயில்வோர் பெரும்பாலும் பழம்புகாரின் சோலைப் பெயர்களை அறிதற்கு உதவும் குறிப்பாகவே இதனைக் கருதுவர். சற்று நின்று நோக்கினால், இஃது ஒரு பெண்ணின் வரைபடம் என்பது புலனாகும். ஆடவனொருவன் அந்நகரின் ஐந்து சோலைகளையும் அழகு நோக்கி எண்ணியிருப்பான். சுதமதி அவற்றை அச்சம் நோக்கி எண்ணுகின்றாள். நகரம் ஒன்றே, ஆயினும் இருவர்க்கும் அது வேறு வேறு அளவினதாகின்றது. இன்றும் மாலைப்பொழுதில் உலாவப் புறப்படும் நம் தமக்கையர் தங்கையர் செவியில் வீட்டார் ஓதும் சொற்கள் சுதமதியின் சொற்களே அல்லவா? அவ்விடத்தில் விளக்கில்லை, இவ்விடத்தில் ஆள்நடமாட்டமில்லை, தனியே செல்லாதே என்று நாமும் சோலைகளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருகின்றோம்.

இருவரும் வீதிவழியே நடக்கின்றனர். விழாக்காலத்து வீதி ஒரு திறந்தவெளிக் கலைக்கூடமாக விளங்குகின்றது. செங்கல்லால் உயர்ந்த நெடிய மாடங்கள்தோறும், வானவர் முதலாக எவ்வகை உயிர்களின் வடிவங்களையும் வெண்சுதையில் வித்தகர் இயற்றியிருக்கின்றனர். அவற்றைக் கண்டு நிற்போர் பலர். இக்கலை அரண்மனையுள் மறைந்து கிடக்கவில்லை, கோயிற் கருவறையிலும் இல்லை. வழிப்போக்கர் அனைவர்க்கும் உரியதாய் வீட்டின் வெளிச்சுவரில் நிற்கின்றது. திறந்தவெளிக் கலை என்று இன்று புதுமையாகப் பேசப்படுவது, புகார் வீதியில் பழமையாகவே இருந்ததென்க.

ஆயினும், மணிமேகலை வருதலும் மக்களின் பார்வை மாறுகின்றது. அவர்கள் அவளைச் சூழ்ந்துகொள்கின்றனர். இத்தகைய அழகியைத் தவநெறியிற் செலுத்திய தாய் கொடியள் என்கின்றனர். பார்க்கச் சென்றவள் பார்க்கப்படும் பொருளாகிவிட்டாள். முன்னர்க் கூறிய இருவகை உலாவும் ஈண்டு ஒன்றோடொன்று முரணி நிற்கின்றன. அவள் விரும்பியது சோலையுலா. அவள்மீது சுமத்தப்பட்டது பவனியுலா.

உவவனத்துள் புகுந்தபின் சுதமதி அதன் வளத்தைக் காட்டுகின்றாள். கதிர் நுழையாத நிழலும், ஆடும் மயிலும், தாமரைப் பொய்கையும் அங்கே உள்ளன. அவ்வின்பம் நெடிது நிலைக்கவில்லை. யாழ் வாசித்திருந்த எட்டிகுமரன் வாயிலாக அவள் சென்ற வழியை அறிந்த இளவரசன் உதயகுமரன் தேரேறி வருகின்றான். மணிமேகலை பளிக்கறை மண்டபத்துள் புகுந்து தாழிட்டுக்கொள்கின்றாள். அம்மண்டபத்தின் இயல்பைச் சாத்தனார் கூறியுள்ள திறம் வியக்கத்தக்கது: உள்ளிருப்பவரின் உருவம் வெளியே தோன்றும், குரல் வெளிவாராது. பளிங்கினூடே அவளைக் கண்ட இளவரசன் முதலில் அவளை ஓவியம் என்றே எண்ணிவிட்டான்.

உருவம் தோன்றக் குரல் தோன்றாமை: ஒரு பெண்ணைக் கலைப்பொருளாக மட்டும் காணும் கண்ணுக்கு இதனினும் பொருத்தமான உவமை கிடைத்தல் அரிது. பரங்குன்றத்தில் வழிதவறிய பேதையின் குரலுக்கு மலையேனும் விடை தந்தது. பளிக்கறையுள் நின்ற மணிமேகலைக்கு அதுவும் இல்லை. எனினும், அவள் வாழ்வு அவ்வறையில் முடிந்துவிடவில்லை. அவள் குரல் வெளிப்படும் இடமும் ஒரு சோலையே என்பதை இனிக் காண்பாம்.

4. அரசன் பொழில்: காவலனின் உலா

அந்நூலின் பத்தொன்பதாங் காதை, சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை எனப்படும். சோழ மன்னன் மாவண்கிள்ளி தன் தேவி சீர்த்தியுடன் பொழிலில் உலாவுகின்றான். மயிலும் அன்னமும் ஆடுதல் கண்டு மகிழ்கின்றான். பசிய மூங்கிலும் வெண்பூ நிறைந்த மராமரமும் அருகருகே நிற்கக் கண்டு, கண்ணனும் அவன் தமையனும் நின்றனர் என எண்ணித் தொழுகின்றான். மந்தியை ஊசலில் வைத்துக் கடுவன் ஆட்டுதலைக் கண்டு நகைக்கின்றான். அப்பொழிலில் எந்திரக் கிணறு உண்டு. கல்லடுக்கிச் செய்த குன்று உண்டு. அதனின்று வீழும் அருவி உண்டு. மலர்ப்பந்தரும், பரந்த பொய்கையும், நீர் மறைந்த கேணியும், ஒளிந்து விளையாடும் இடங்களும், பளிக்கறையும் உண்டு. மலையும் அருவியும் மாந்தர் கையால் இயற்றப்பட்ட இத்தகைய தோட்டக்கலையை நம் நூல்கள் இவ்வளவு விரிவாகக் கூறுதல் பலர்க்கும் வியப்பளிக்கக்கூடும்.

உலாவி முடித்த மன்னன் புகுந்த மண்டபமோ பல நாட்டுக் கைவண்ணத்தால் ஆகியது. மகத வினைஞரும், மராட்டக் கம்மரும், அவந்திக் கொல்லரும், யவனத் தச்சரும் தமிழ் வினைஞரோடு கூடி அதனைக் கட்டினர் என்கின்றார் சாத்தனார். கலையில் அயலவர் என்பார் இலர் என்னும் உயர்ந்த கொள்கை இவ்வோரடியில் அடங்கியிருக்கின்றது. கடல் கடந்து வந்த தச்சனும் உள்ளூர்ச் சிற்பியும் ஒரே தூணின் இரு பக்கத்தில் உளி பிடித்தனர் என்று நினைக்குந்தோறும் நெஞ்சம் விரிகின்றது.

இத்தனை அழகுக்குமிடையே, சிறைக்காவலர் வந்து தொலைவில் நின்று தொழுது ஒரு செய்தி கூறுகின்றனர். காயசண்டிகை வடிவில் வந்த ஒருத்தி, ஒரே பாத்திரத்தைக் கொண்டு சிறையிலுள்ளோர் அனைவர்க்கும் பசி தீர உணவளிக்கின்றாள் என்பதே அது. அவள்தான் மணிமேகலை, அப்பாத்திரம் அமுதசுரபி. மன்னன் அவளை வரவழைத்து, நீ யார், இப்பாத்திரம் எவ்வாறு பெற்றாய் என வினவுகின்றான். அவள் விடை கூறியபின், யான் உனக்குச் செய்யவேண்டுவது யாது என்கின்றான். சிறைக்கோட்டத்தை அழித்து அறக்கோட்டமாக்குக என்று அவள் வேண்டுகின்றாள். மன்னன் அவ்வாறே செய்கின்றான்.

இக்காதையைச் சமயப் பெருமை கூறும் பகுதியாக மட்டும் கொள்வோர் அதன் அமைப்பைக் கவனித்திலர். சாத்தனார் இம்மாற்றத்தை அரசவையில் வைத்துப் பாடியிருக்கலாம், அவ்வாறு செய்யவில்லை. பொழிலும் சிறையும் ஒரே நகரில், ஒரே அரசன் ஆட்சியில், ஒரே கதிரவன் கீழ் இருக்கின்றன. ஓரிடத்தில் குரங்கும் ஊசலாடுகின்றது. மற்றோரிடத்தில் மாந்தர் பசித்திருக்கின்றனர். இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுவதே புலவர் செய்த நீதி. மற்றொன்றையும் காண்க. பளிக்கறையுள் குரலின்றி நின்ற பெண்ணே, தன்னைத் துரத்திய இளவரசனின் தந்தை முன் நின்று, அவன் உலாவிய பொழிலின் மண்டபத்திலேயே பேசுகின்றாள். பேசியது தன் பொருட்டன்று; அடைபட்டோர் பொருட்டு.

ஆகவே, மன்னன் உலாவியது பயனற்ற களியாட்டம் என்று கழித்தல் தவறு. பூவையும் புள்ளையும் கண்டு நெகிழ்ந்த உள்ளம் பிறர் துன்பத்தைக் கேட்கும் பதமும் எய்தியது எனக் கொள்ளலாம். கொள்ளாதவர்க்கும் ஒன்று மறுக்கவியலாதது: காவலர் வந்தபோது மன்னன், இஃது ஓய்வு வேளை, பின்னர் வருக எனக் கூறவில்லை. பொழிலின் வாயில் அப்பொழுது திறந்தே இருந்தது.

5. இக்காலத்து உலாக்கள்

மேற்கூறிய மூன்றும் பழங்கதைகள் அல்லவா, அவற்றால் நமக்கு ஆவது யாது எனச் சிலர் வினவலாம். அவர்க்கு விடையாகச் சில இடங்களைக் காட்டுவாம்.

பரங்குன்றத்து ஓவியங்கள் இன்று இல்லை. புகாரின் சுதை வடிவங்களும் இல்லை. ஆயினும் மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பம் இருக்கின்றது. கி. பி. ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் காலத்தில், ஏறத்தாழ 29 மீட்டர் நீளமும் 13 மீட்டர் உயரமும் உடையதாய்ச் செதுக்கப்பட்ட அதனை அருச்சுனன் தவம் என்பர் சிலர். பகீரதன் தவம் என்பர் சிலர். அதற்குக் கதவில்லை, கூரையில்லை. பாறையின் நடுவேயுள்ள இயற்கைப் பிளவு வழியாக நீர் வீழ்தற்கு ஏற்ப மேலே தொட்டியொன்று அமைந்துள்ளது. தெய்வங்களுக்கும் முனிவர்க்கும் அருகே யானைக் கூட்டமும் மான்களும் உள. பின்னங்காலில் நின்று தவஞ்செய்வதுபோல் நடிக்கும் பூனையும், அதனை நம்பி நிற்கும் எலிகளும் உள. காலை வெயிலில் ஒருவகையாகவும் மாலை நிழலில் வேறுவகையாகவும் தோன்றும் இச்சிற்பத்தை அறையினுள் வைத்திருப்பின் இவ்வழகு தோன்றாது. மாமல்லபுரத்துச் சின்னங்கள் 1984-ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டன. அங்கே செல்லும் மாணாக்கர், பரங்குன்றத்தில் மக்கள் செய்ததுபோல, இவர் யார், இஃது யாது என ஒருவரையொருவர் வினவுதல் வேண்டும். தவஞ்செய்வோன் அருச்சுனனோ பகீரதனோ என்னும் வழக்கினையே ஒரு மாலைப்பொழுது முழுதும் பேசலாம்.

மலைநிலத்து உலாவிற்குக் கோடைக்கானல் எடுத்துக்காட்டாகும். 1845-ஆம் ஆண்டில் அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்தோர் சமவெளியின் வெம்மைக்கும் நோய்க்கும் தப்பி அங்கே வாழ்விடம் அமைத்தனர். செங்குத்தான மலைச்சரிவின் ஓரமாக 1872-ஆம் ஆண்டில் அமைந்த கோக்கர் நடைபாதை இன்றும் உலாவுவோர்க்கு விருந்தளிக்கின்றது. பிரையண்ட் பூங்கா 1908-இல் தோன்றியது. அம்மலைகளில் பன்னிரண்டு ஆண்டுகட்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பூத்தது. குறிஞ்சித்திணையைப் பாடத்தில் மட்டும் கற்ற தமிழ் மாணவன், அத்திணைக்குப் பெயர் தந்த பூவை அது பூத்த சரிவில் நின்று காணல் வேண்டும். அடுத்த முறை அது பூக்கவேண்டிய 2030-ஆம் ஆண்டுவரை அச்சரிவுகள் கட்டடமின்றி எஞ்சியிருத்தல் நம் கையில் உள்ளது.

சென்னை மாநகரில் அடையாற்றின் கழிமுகத்தை அடுத்துச் சீர்கெட்டுக் கிடந்த சதுப்புநிலம் 58 ஏக்கர் பரப்பில் திருத்தப்பெற்று, 2011-இல் தொல்காப்பியப் பூங்கா என்னும் பெயரால் திறக்கப்பட்டது. நிலத்தை நான்காகப் பகுத்துப் பாடிய ஆசிரியரின் பெயர், கழிவு குவிந்த நெய்தல் நிலமொன்று மீண்டும் உயிர்பெற்ற இடத்திற்கு அமைந்தமை பொருத்தமே.

இறுதியாக ஓரிடம். சென்னையின் தென்பகுதியில், நகரின் நடுவே குடிசைகளில் வாழ்ந்தோரைக் கொண்டுசென்று குடியமர்த்திய பெருங்குடியிருப்பு ஒன்றுண்டு. அதன் பெயர் கண்ணகி நகர். அங்குள்ள மாடிக் குடியிருப்புகளின் வெளிச்சுவர்களில் ஓவியர் பலர் கூடி 2020-ஆம் ஆண்டில் வானளாவிய வண்ண ஓவியங்களைத் தீட்டினர். முன்னர் அப்பக்கம் செல்லாதவர்களும் இப்பொழுது அவ்வீதிகளில் நடந்து அவற்றைக் காண்கின்றனர். புகாரின் மாடச்சுவர்களில் நின்ற வெண்சுதை வடிவங்கள் ஈண்டு மறுபிறப்பு எய்தின என்று கூறினும் மிகையாகாது.

எனினும் இவ்வீதியில் உலாவுவோன் மணிமேகலையை மறத்தல் ஆகாது. சுவரைப் பார்க்கச் சென்றவன் அச்சுவரின் பின்னே வாழ்வோரைக் காணாது திரும்புவானாயின், அவன் பளிக்கறையின் புறத்தே நின்ற உதயகுமரனையே ஒப்பான். உருவத்தைக் கண்டான், குரலைக் கேட்டிலன். அங்கே வாழும் சிறுமியின் பள்ளி எவ்வளவு தொலைவில் உள்ளது, அவள் தாய் வேலைக்குச் செல்ல எத்தனை நாழிகை ஆகின்றது, மழைநாளில் வீதியில் நீர் தேங்குமா என வினவியறிந்து திரும்புவானாயின், அவன் மாவண்கிள்ளியின் வழியில் ஓரடி எடுத்துவைத்தவனாவான். கலை வாயிலைத் திறக்கும். உட்புகுந்து கேட்டல் நம் கடமை.

6. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், உலாவுதலைப் பற்றி நம் முன்னோர் காட்டிய நெறி மூன்று பகுதியாக விளங்கும். பரங்குன்றத்து வழி, வினவிக் கற்க என்கின்றது. உவவனத்து வழி, சோலையின் வாயில் யார்க்குத் திறந்துள்ளது, யார்க்கு மூடியுள்ளது என நோக்குக என்கின்றது. அரசன் பொழில், கண்டு மகிழ்ந்தபின் செவியையும் திறந்து வைக்க என்கின்றது. இம்மூன்றும் பொருந்திய உலாவே முழுமையான உலா. ஒன்று குறையினும் அது கால்களுக்கு மட்டுமே பயிற்சியாகும்.

மாணவத் தோழர்களே! தோழியரே! வேனில் விடுமுறையில் உங்களுள் சிலர் மலைக்குச் செல்வீர். சிலர் கடற்கரையூர்க்குச் செல்வீர். பலர் சொந்தச் சிற்றூரிலேயே தங்குவீர். எங்கிருப்பினும், வெயில் தணிந்த வேளையில் புறப்பட்டு நடந்து பாருங்கள். ஊர்க்குளத்தங்கரையில் நிற்கும் மரத்தின் பெயரை அறிந்தோரிடம் கேளுங்கள். கோயிற் கோபுரத்தின் சுதையிலோ, தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தின் கல்லெழுத்திலோ உள்ள கதையை முதியோரிடம் கேளுங்கள். உடன் வர விரும்பியும் வர இயலாத தங்கை ஒருத்தி வீட்டில் இருப்பாளாயின், அவளை அழைத்துச் செல்லுங்கள். அவள் தனியே சென்று திரும்பத் தடையாயிருப்பது யாது என்றும் கேளுங்கள். அணைந்து கிடக்கும் தெருவிளக்கே அத்தடையாயின், அதனை எரியச்செய்ய ஊராட்சிக்கு எழுதும் ஒரு விண்ணப்பமும் மணிமேகலைக்கு நாம் எழுதும் உரையேயாகும்.